பிறர் பிள்ளைக்குப் போட்ட ஊசி

குழந்தைக்குத் தடுப்பூசி போடலாமா வேண்டாமா என்று தயங்குகிற பெற்றோர் எங்கள் காலத்திலும் இருந்தார்கள். கிராம சுகாதாரச் செவிலியராக நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனையில் தலையைக் காட்டினாலே சில வீடுகளில் கொல்லைக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கும். பிள்ளையோடு வாய்க்கால் பக்கம் போய்விடுவார்கள். பிடித்துக் கேட்டால், "ராத்திரி காய்ச்சல் அடிக்கும் நர்சம்மா. விடிஞ்சா நடவுக்குப் போகணும், யாரு புள்ளையப் பாத்துக்குவா?" என்பார்கள். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீடுகள். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. நடவு இல்லாத நாளாகப் பார்த்துப் போவேன், போட்டுக்கொள்வார்கள்.

இப்போது தயங்குகிறவர்கள் வேறு ரகம். படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், குழந்தைக்கு வாங்கும் பவுடர் டப்பாவைக்கூடத் திருப்பிப் பார்த்து எழுத்தெழுத்தாகப் படிப்பவர்கள். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு இளம் தம்பதி. ஒன்றரை மாதக் குழந்தை. "சொட்டு மருந்து குடுத்துடறோம் பெரியம்மா. தொடையில போடற அந்த ஊசி மட்டும் வேணாம்னு பாக்குறோம்" என்றார் அந்தப் பையன். காரணமும் வைத்திருந்தார். அவருடைய தாத்தா எந்த ஊசியும் போடாமல் எண்பது தாண்டி இருந்தார். இந்த நோய்களெல்லாம் இப்போது யாருக்கும் வருவதில்லை. ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் போட்டிருக்கிறார்களே, நம் பிள்ளை ஒன்றுக்குப் போடாவிட்டால் என்ன? நாளைக்கு எங்காவது ஆணி கீணி குத்தினால் அப்போது ஒரு டி.டி. போட்டுக்கொண்டால் போயிற்று.

தொடையில் போடும் அந்தப் பென்டாவேலன்ட் ஊசிக்குள் ஐந்து நோய்களுக்கான மருந்து இருக்கிறது. அதில் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். அரசாங்கச் சுவரெழுத்தில் ரண ஜன்னி என்று எழுதியிருக்குமே, டெட்டனஸ், அது. நான் பார்த்த வியாதிகளிலேயே இதற்குத்தான் பயப்படுவேன்.

தாத்தா கதையை முதலில் முடித்துவிடுவோம். என் அப்பாயியிடம் எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டால், "பெத்தது ஒம்போது, நின்னது அஞ்சு" என்று ஒரே மூச்சில் சொல்வாள். அந்தத் தலைமுறைக் கிழவிகள் எல்லோரும் இப்படி இரண்டு கணக்காகத்தான் சொல்வார்கள். நிற்காமல் போன நாலுக்குப் பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். எண்பது வயது வரை இருந்து பேரனுக்குக் கதை சொன்னவர் நின்ற கணக்கில் உள்ளவர். போனவர்களுக்குப் பேரன் ஏது?

அப்படிப் போன பச்சைக் குழந்தைகளில் எத்தனையோ இந்த ஜன்னியில் போனவை. பிறந்து இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்திருக்கும். ஐந்தாம் நாள், ஆறாம் நாள் காம்பைப் பற்ற முடியாமல் அழும். அப்புறம் அழவும் வாய் திறக்காது. தொட்டால் விறைக்கும், விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் விறைக்கும். காற்று கருப்பு அண்டிவிட்டது என்று வேப்பிலை அடிப்பார்கள். தொப்புள்கொடியை அறுத்தது களத்து அரிவாளாக இருக்கும்; அறுத்த இடத்தில் வைத்தது சாம்பலோ சாணமோவாக இருக்கும். 1988-இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 7,87,000 பச்சிளங் குழந்தைகள் இதில் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. கர்ப்பிணிக்கு ஊசி போட்டு, தாயின் ரத்தம் வழியாக எதிர்ப்புச் சக்தி வயிற்றுப் பிள்ளைக்குப் போகும்படி செய்து, பிரசவத்தை வீட்டுத் திண்ணையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றி, ஊர் ஊராக நடந்துதான் இது குறைந்தது. 2015-இல் இந்தியாவுக்குச் சான்று கிடைத்தது. அந்தச் சான்றுக்கும் ஓர் அளவுகோல் உண்டு: ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றுக்கும் கீழே இருக்க வேண்டும். அவ்வளவுதான். அடியோடு இல்லை என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

ஏன் முடியாது என்பதில்தான் அந்தப் பையனின் அடுத்த காரணம் உடைகிறது.

பெரியம்மையை உலகத்திலிருந்தே விரட்டிவிட்டார்கள். இந்தியாவில் 1975-இல் போனது, இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி சோமாலியாவில் 1977-இல், அதோடு சரி. இன்று பிள்ளைகளுக்கு யாரும் அம்மைப்பால் குத்துவதில்லை. இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியும் இந்த நாட்டில் 2011 ஜனவரிக்குப் பிறகு யாரையும் முடக்கவில்லை. இவையெல்லாம் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும் நோய்கள். சுற்றியுள்ள நூறு பேருக்குத் தடுப்பு இருந்தால் நடுவில் இருக்கும் ஒரு குழந்தையிடம் கிருமி வந்து சேர வழி இருக்காது. அந்தக் குழந்தைக்கு ஊசி போடாவிட்டாலும் ஊர் அதைக் காப்பாற்றும். ரண ஜன்னி அப்படித் தொற்றுவதில்லை. இதன் கிருமி இருப்பது மண்ணில். மாடு, குதிரை, ஆடு இவற்றின் குடலில் பெருகிச் சாணத்தோடு வெளியே வந்து, விதை மாதிரி ஓடு போர்த்திக்கொண்டு வருஷக்கணக்காகக் கிடக்கும். வெயிலுக்கும் சாகாது, சாதாரணமாகத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் சாகாது. தமிழ்நாட்டில் உள்ள அத்தனை பிள்ளைக்கும் ஊசி போட்டாலும் வயலில் உள்ள கிருமியில் ஒன்று குறையாது. தெருவில் மற்ற எல்லாப் பிள்ளைக்கும் போட்டிருப்பது உங்கள் பிள்ளைக்கு இம்மியளவும் உதவாது. மற்றத் தடுப்பூசிகளில் ஊரை நம்பி ஒருவர் ஒளிந்துகொள்ளலாம். நியாயமில்லை என்பேன், ஆனாலும் முடியும். இதில் ஒளிய இடமில்லை. வேண்டாம் என்று பெற்றவர்கள் சொன்னால், அதை முழுக்க அந்தப் பிள்ளை ஒன்றுதான் தாங்க வேண்டும்.

இதை அந்தத் தம்பதியிடம் சொன்னபோது அந்தப் பையனின் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "அப்ப மாடு இருக்கற வீட்டுல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் பிறந்த வீட்டில் இரண்டு கறவை மாடு.

துருப்பிடித்த ஆணியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். துருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆணி மண்ணில் கிடந்தது, ஆழமாகக் குத்தும், ஆழத்தில் காற்றுப் படாது, காற்றுப் படாத இடத்தில்தான் இந்தக் கிருமி வளரும், விஷயம் அவ்வளவுதான். கருவேல முள் போதும், உடைந்த கொட்டாங்கச்சி போதும். காந்தி விரும்பிப் படித்த தோரோ என்ற அமெரிக்கர் இருந்தாரே, அவருடைய அண்ணன் ஜான் 1842 புத்தாண்டு நாளில் சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டும்போது விரலில் லேசாக வெட்டிக்கொண்டார். 11-ஆம் தேதி தாடை இறுகி இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகாதவர். பெரிய காயத்தை நாம் கவனிக்கிறோம், கழுவுகிறோம், ஓடுகிறோம். சின்னக் காயத்தைப் பிள்ளை வீட்டில் சொல்வதுகூட இல்லை.

உள்ளே போன கிருமி ரத்தத்தில் ஓடி உடம்பெல்லாம் பரவுவதில்லை. காயத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு நரம்பு வழியாக ஏறித் தண்டுவடத்துக்குப் போகும். தசைக்கு 'இறுகு' என்று சொல்ல ஒரு ஏற்பாடு இருப்பதுபோல 'விடு' என்று சொல்லவும் நம் உடம்பில் ஓர் ஏற்பாடு உண்டு. நஞ்சு அந்த 'விடு'வை அடைத்துவிடும். அப்புறம் இறுகிய தசை இறுகியபடியேதான். முதலில் தாடை, பிறகு கழுத்து, முதுகு. உடம்பு வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் படுக்கையைத் தொடும். ஒரு கிலோ எடைக்கு 2.5 நானோகிராம் அளவு நஞ்சு ஆளைக் கொன்றுவிடும் என்கிறார்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் இரண்டரைப் பங்கு.

பயிற்சிக் காலத்தில் எங்களை ஒரு வார்டுக்கு அழைத்துப் போனார்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. செருப்பை வாசலிலேயே விடச் சொன்னார்கள், ஓசை வரக்கூடாது என்று. உள்ளே பதினாலு பதினைந்து வயதுப் பையன், வாழைத்தோட்டத்தில் வேலை செய்தவன், காதில் பஞ்சு அடைத்திருந்தது. என்னோடு வந்தவள் கையிலிருந்த டிரேயில் கத்தரிக்கோல் ஒன்று நகர்ந்து கிணுங்கியது. அந்தச் சத்தத்துக்கே அவன் உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. சிரிப்பதுபோல உதடு இரண்டு பக்கமும் இழுத்திருந்தது. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நோயில் நினைவு தப்பாது. வலிப்பு வந்தவருக்கு நடந்தது தெரியாது, இவர்களுக்கு எல்லாம் தெரியும். அந்த ஒன்றுதான் எனக்கு இன்றுவரை தாங்கவில்லை.

அதெல்லாம் அந்தக் காலம், இப்போது பெரிய ஆஸ்பத்திரிகள் வந்துவிட்டன என்று சொல்லலாம். பெரிய ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பதிவு இருக்கிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2019 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை. 2017-இல் ஓரிகன் மாநிலத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவன் பண்ணையில் விளையாடும்போது நெற்றியில் அடிபட்டான். வீட்டிலேயே கழுவித் தையல் போட்டார்கள். அவனுக்கு அதுவரை எந்தத் தடுப்பூசியும் போட்டதில்லை. ஆறாம் நாள் தாடை இறுகியது, கைத் தசைகள் இழுத்தன, கழுத்தும் முதுகும் பின்னால் வளைந்தன. மூச்சு விடச் சிரமப்பட்டபோது ஆம்புலன்சைக் கூப்பிட, வான்வழியாகப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்ந்தபோது பையன் தெளிவாக இருந்தான். தண்ணீர் கேட்டான். குடிக்க வாயைத் திறக்க முடியவில்லை.

இருட்டறை, காதடைப்பான், மூச்சுக்கு எந்திரம், தொண்டையில் துளை. எங்கள் வார்டில் கறுப்புத் துணியும் பஞ்சும் செய்ததைத்தான் அங்கும் செய்தார்கள், எந்திரங்கள்தான் கூடுதல். வேறு வழி கிடையாது: நரம்பில் ஒட்டிய நஞ்சை எடுக்க உலகத்தில் இன்னும் மருந்து இல்லை. புது நரம்பு முனை வளரும்வரை பிள்ளையை உயிரோடு வைத்திருக்க வேண்டும். 44-ஆம் நாள் மூச்சு எந்திரத்தை எடுத்தார்கள். 50-ஆம் நாள் ஒருவர் பிடித்துக்கொள்ள 20 அடி நடந்தான். மொத்தம் 57 நாள், அதில் 47 நாள் தீவிர சிகிச்சையில். அதன்பிறகு மறுவாழ்வு மையத்தில் 17 நாள். ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் 8,11,929 டாலர். விமானமும் மறுவாழ்வும் அதில் சேராது. பிறகு அவன் ஓடினான், சைக்கிள் ஓட்டினான் என்று அறிக்கை சொல்கிறது. படித்தபோது எனக்கு உயிர் வந்தது.

அறிக்கையின் கடைசியில் இன்னொரு வரி உண்டு. மருத்துவர்கள் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அந்தப் பெற்றோர் அடுத்த தவணை ஊசியை வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். அம்மை ஒரு தரம் வந்தால் மறுபடி வராது, ஜன்னி அப்படியில்லை. கொல்லும் அளவு நஞ்சுகூட உடம்புக்குப் பாடம் கற்றுக்கொடுக்கும் அளவுக்குப் போதாது, அவ்வளவு கொஞ்சம். பிழைத்தவனுக்கும் ஊசி போட்டால்தான் பாதுகாப்பு.

இதைக் கேட்கிறவர்கள் அந்தப் பெற்றோரைத் திட்டுகிறார்கள். எனக்குத் திட்ட மனம் வரவில்லை. 57 நாள் பிள்ளையின் படுக்கையருகே இருந்தவர்கள் அவர்கள். இப்போது ஊசிக்குச் சரி என்று சொன்னால், அந்த 57 நாளும் பிள்ளை பட்டது தங்களால்தான் என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ள வேண்டும். அதைச் சொல்ல எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கும்? வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னவர்கள் திரும்பி வருவது எவ்வளவு கடினம் என்பதை வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் முதல் ஊசிக்கு முன்னால், ஒன்றரை மாதத்திலேயே, உட்கார்ந்து பேசுவதில் எனக்கு அக்கறை. அப்போது யாருக்கும் தோற்க ஒன்றும் இருக்காது.

"ஆணி குத்தினா அப்ப போட்டுக்கலாம்" என்பதுதான் நம் ஊரில் ஆபத்தான நினைப்பு. நமக்கு ஒரு பழக்கம் உண்டு. தகரம் கிழித்தால், வண்டியில் விழுந்தால், நாய் துரத்தி முள்வேலியில் பாய்ந்தால் நேரே போய் "ஒரு டி.டி. போடுங்க" என்று கையை நீட்டுவோம். குழந்தைப் பருவத்து ஊசிகளை வேண்டாம் என்கிற குடும்பத்தில்கூட டி.டி.யை மட்டும் யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை! இரண்டிலும் இருப்பது ஒரே சரக்கு என்று அவர்களுக்குத் தெரியாது. நஞ்சை எடுத்து, ரசாயனத்தில் அதன் பல்லைப் பிடுங்கிவிட்டு உடம்புக்குக் காட்டுவது; 1924-இல் பிரான்ஸில் டெஸ்கோம்பே செய்து காட்டிய வேலை.

ஏற்கெனவே வரிசையாகப் போட்டுக்கொண்ட உடம்புக்கு, காயம்பட்டதும் போடும் ஒரு டி.டி. பழைய பாடத்தை நினைவுபடுத்தும். சில நாளிலேயே எதிர்ப்புச் சக்தி மளமளவென்று ஏறிவிடும். இதுவரை ஒன்றுமே போடாத உடம்புக்கு அது முதல் பாடம். இரண்டாவது ஊசிக்குப் பிறகுதான் நம்பும்படியான பாதுகாப்பு வரும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். நோயோ மூன்று நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள், பெரும்பாலும் எட்டு பத்து நாளில் வந்து நிற்கும். ஊசி போய்ச் சேருவதற்குள் நோய் உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அழுக்கான காயம் என்றால் இம்யூனோகுளோபுலின் என்ற தயார் எதிர்ப்புச் சக்தியை வேறு தனியாகப் போட வேண்டும். அது விலை கூடியது, எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது. அதனால் காயத்தோடு போகும்போது டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, பிள்ளைக்கு இதுவரை எத்தனை ஊசி போட்டிருக்கிறது என்பதை. போடவில்லை என்றால் வெட்கப்படாமல் போடவில்லை என்று சொல்லிவிட வேண்டும். பொய் சொல்லி ஒரு டி.டி.யோடு வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், ஒழுங்காக எல்லாம் போட்ட பிள்ளையை ஒவ்வொரு சிராய்ப்புக்கும் டி.டி.க்கு இழுத்துக்கொண்டு ஓடுவதும் வீண். கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் ஆகவில்லை என்றால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்: "ஊசி போட்டு ஏதாவது ஆயிட்டா?" அந்தக் கேள்விக்காகத்தான் அவர்கள் வந்ததே. மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய வேலி.

தமிழ்நாட்டில் அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அந்தச் செய்தி வந்த வாரம் என் வட்டாரத்தில் வாசல்கள் எல்லாம் மூடிக்கொண்டன. மூடியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அதற்குப் பிறகுதான் ஊசியைத் தெருவில் போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவழைத்துப் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா முகாமின்போது வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் வேறு வகை. அதில் யாருடைய துக்கமும் இல்லை, வெறும் வதந்திதான்.

பென்டாவேலன்ட் போட்டால் காய்ச்சல் வரும். தொடை வீங்கும், சிவக்கும், அழுத்தினால் பிள்ளை வீரிடும். சிலருக்குச் சின்னதாக ஒரு கட்டி சில வாரம் இருந்து கரையும். இதில் பெரும்பகுதி அதிலுள்ள கக்குவான் மருந்தால் வருவது. அபூர்வமாகச் சில குழந்தைகள் மூன்று மணிநேரம் விடாமல் அழும். காய்ச்சலில் வலிப்பு வருவதும் உண்டு, அதைவிட அபூர்வம். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் சில நிமிஷத்தில் தெரிந்துவிடும், அதற்காகத்தான் அரைமணி நேரம் உட்காரச் சொல்கிறோம். பிள்ளைக்கு முந்தைய ஊசியில் இப்படி ஏதாவது வந்திருந்தால் அதைச் சொல்லிவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். இவற்றை மறைத்து "ஒண்ணும் ஆகாது, போட்டுக்க" என்று சொல்லும் நர்சை நானே நம்பமாட்டேன்.

ஆனால் தராசில் வைக்கும்போது மனசு ஒரு தந்திரம் செய்யும். நாம் கையெழுத்துப் போட்டு, நாம் தூக்கிக்கொண்டு போய், நம் கண் முன்னால் குத்திய ஊசியில் வரும் காய்ச்சல் நம் பாவமாகத் தெரிகிறது. நாம் சும்மா இருந்து, மண்ணில் விளையாடி வரும் ஜன்னி விதியாகத் தெரிகிறது. பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். அதன் தொடைக்கும் தாடைக்கும் பாவம், விதி என்ற கணக்கெல்லாம் தெரியாது. சும்மா இருப்பதையும் ஒரு செயலாக எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஒரு இரவுக் காய்ச்சலை ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் வாய் திறக்காத பிள்ளையை வைத்து, இரண்டையும் தாங்களே செய்ததாக நினைத்துப் பார்க்கச் சொன்னேன்.

அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்பது அவர்கள் வீட்டு விஷயம். தயக்கத்தில் நாள் கடத்திவிட்டவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்குச் சில சங்கதிகள். ஆறு, பத்து, பதினான்காவது வாரம் என்று அட்டவணை சொன்னாலும், தள்ளிப்போனதால் கதவு மூடிவிடவில்லை. பாதியில் விட்டிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம். ஒரு வயது தாண்டியும் ஆரம்பிக்காத பிள்ளைக்கு பென்டாவேலன்டுக்குப் பதில் முத்தடுப்பு ஊசி போடுவார்கள். ஏழு வயது தாண்டியிருந்தால் டி.டி. போடுவார்கள். முத்தடுப்பில் உள்ள மூன்றும் வேண்டாம், ரண ஜன்னிக்கு மட்டும் தனியாகப் போடுங்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு; சின்னப் பிள்ளைகளுக்கு நம் அட்டவணையில் அப்படித் தனியாக இல்லை. ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போடும் ஊக்க ஊசிகளைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள்; பத்து வயதிலும் பதினாறிலும் பள்ளிக்கூடத்திலேயே வந்து போடுகிறார்கள், அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவைக்காமல் இருந்தால் போதும். தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். கணக்குத் தெரியாத பிள்ளையைப் போடாத பிள்ளையாக வைத்துக்கொண்டு போடுவார்கள். புதன்கிழமை ஊசி நாள். காலையிலேயே போய்விட்டால் கூட்டம் இருக்காது.